பிளஷர் கிளம்புவதற்கு முந்தின நாள்

நம் வணிகப் பெருமக்கள் பற்று வரவைப் பைசா விடாமல் எழுதுகிறவர்கள். சாக்குக்கு இத்தனை, சுமைகூலிக்கு இத்தனை, மகமைக்கு இத்தனை என்று பேரேட்டில் எல்லாவற்றுக்கும் பக்கம் உண்டு. பெண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிய நேரத்துக்கு மட்டும் யாரும் பக்கம் திறந்ததாகத் தெரியவில்லை. திறந்தாலும் எழுத என்ன இருக்கிறது? பலசரக்குக் கடை காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிக் கல்லாவை எண்ணி வீடு சேரும்போது பிள்ளைகள் தூங்கிவிடுகின்றன. மொத்த வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு லாரி வரும் நேரம்தான் நேரம். விருதுநகர்ச் சரக்கு விடியற்காலம் நாலு மணிக்கு வந்து நின்றாலும் எழுந்து போய் இறக்கித்தான் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கல்யாணம், காதுகுத்து, துஷ்டி. வருடத்தில் மே 5 வணிகர் தினத்தன்று எல்லாரும் சேர்ந்து கடை அடைக்கிறோம். அன்றைக்கும் மாநாட்டுக்கு வேன் ஏறிவிடுகிறோம்.

இப்போது புதிதாக ஒரு பயமும் சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரு நாள் கடையடைத்தால் வாடிக்கைக்காரர் மறுநாள் வந்து, 'நேத்து எங்க அண்ணாச்சி ஆளையே காணோம்?' என்று கேட்டுவிட்டுச் சரக்கு வாங்குவார். இன்றைக்குக் கையில் உள்ள போனிலேயே ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்குப் பருப்பு வந்து விடுகிறது. அடைத்த ஒரு நாளில் போன வாடிக்கை திரும்புமோ திரும்பாதோ என்று எண்ணி எண்ணியே பலர் தீபாவளி மறுநாளும் கடை திறக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் நாற்பது வருடங்களுக்கு மேலாக நமது குடும்பத்துக்கு வருடத்தில் ஒரு சாயங்காலத்தைப் பிடித்து வைத்துக் கொடுத்த ஒரு வஸ்து நம் வீட்டுக் கார் ஷெட்டில் நிற்கிறது. அதைப் பற்றிச் சகோதர வணிகர்களிடம் சொல்ல வேண்டும் என்று வெகு நாளாக நினைப்பு. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு உதவும் சில சட்ட விவரங்களும் இருப்பதால் இப்போது எழுதுகிறோம்.

நமது தகப்பனார் 1977ஆம் வருடம் வாங்கிய அம்பாசிடர் மார்க் 3 அது. அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் சொந்தக் காரைப் 'பிளஷர்' என்பார்கள். டாக்ஸி வேறு, பிளஷர் வேறு. கார் வாங்குகிறவருக்கு இருந்தது மூன்றே வழிதான்: கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசிடர், பம்பாயில் செய்த பியட் என்கிற பத்மினி, சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு. இதில் எதற்கும் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற காரின் அச்சில் 1950களின் கடைசியில் வந்த அம்பாசிடர், 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நிற்கும் வரையில் உருவத்தில் பெரிய மாற்றம் இல்லாமலே ஓடியது. அந்தப் பெயரை மட்டும் 2017இல் பிரான்சு தேசத்துப் பூஜோ கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். சரக்கு இல்லாமல் பெயர் மட்டும் எண்பது கோடிக்குப் போயிருக்கிறது என்றால், கடைப் பெயருக்கு என்ன மதிப்பு என்று நாமும் யோசிக்க வேண்டியதுதான். மோட்டார்த் தொழில் நமக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். டி.வி.எஸ். கம்பெனியை நிறுவிய சுந்தரம் அய்யங்கார் 1877இல் பிறந்தது நம் திருக்குறுங்குடியில்தான்.

தகப்பனார் அந்தக் காரை வாங்கியது உல்லாசத்துக்கு அல்ல, வசூலுக்கு. திங்கள் ஒரு லைன், வியாழன் ஒரு லைன். மேற்கே சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். கிழக்கே ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர். டிக்கியில் வத்தல், மல்லி, சீரகம், பருப்பு மாதிரிகள் சின்னப் பைகளில் இருக்கும். பாக்கி வாங்கப் போன இடத்தில் புது ஆர்டரும் பிடித்து வருவார். தாமிரபரணியின் இரு கரையையும் அந்தக் கார் அவருக்குக் கடைவீதியாக ஆக்கிக் கொடுத்தது.

வருடத்தில் ஒரு தடவை மட்டும் டிக்கியில் மாதிரிப் பைகள் இருக்காது. மார்கழி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நவகைலாயம் போவது வழக்கம். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறோம். அகத்தியரின் சீடர் உரோமச முனிவர் தாமிரபரணியில் விட்ட ஒன்பது மலர்கள் கரை ஒதுங்கிய ஒன்பது இடங்களில் சிவாலயங்கள் அமைந்தன என்பது ஐதீகம். பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம். பொதிகையில் ஆறு மலையிறங்கும் இடத்தில் தொடங்கிக் கடல் வாசனை அடிக்கும் இடத்தில் முடிகிறது. நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள் ஆகையால், விடியுமுன் பாபநாசத்தில் இருந்தால்தான் பொழுது சாய்வதற்குள் ஒன்பதையும் பார்க்க முடியும். அரசுப் போக்குவரத்துக் கழகமும் மார்கழி ஞாயிறுகளில் இதற்கென்று சிறப்புப் பேருந்து விடுகிறது. அதில் போவது சிக்கனம்தான். ஆனால் அந்தப் பேருந்துக்கு முந்தின நாள் ஆயில் பார்க்கிற வேலை நமக்கு இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குத் தகப்பனார் கல்லாவைப் பூட்டிவிடுவார். சனிக்கிழமை நல்ல யாவாரம் உள்ள நாள் என்பது தங்களுக்குத் தெரியும். அப்படியும் பூட்டுவார். கணக்கப்பிள்ளை உள்பட எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். அதற்குப் பிறகு பாளையங்கோட்டை வீட்டு முற்றத்தில் காரைச் சுற்றித்தான் குடும்பம்.

பிள்ளைகள் முதலில் காரைக் கழுவ வேண்டும். கிணற்று வாளியோடு ஆரம்பித்த வேலை, பின்னால் ஹோஸ் பைப்புக்கு மாறியது. சக்கர மூடியைக் கழற்றிச் சாம்பல் போட்டுத் துலக்குவது பெண் பிள்ளைகளின் வேலை. எவர்சில்வர்ப் பாத்திரத்துக்குக்கூட வீட்டில் அவ்வளவு கவனிப்பு நடந்ததில்லை. தகப்பனார் பானெட்டைத் தூக்கி ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். ரேடியேட்டருக்கு நல்ல தண்ணீர், பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர். விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். பிளக்குகள் நாலையும் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பார். முன்சக்கரத்துக் கிங்பின்னுக்குக் கிரீஸ் அடிக்க மேலப்பாளையத்திலிருந்து மெக்கானிக் பாய் வருவார். அவருக்குப் பிறகு அவர் மகன் வந்தார். இப்போது அந்த மகனுக்கே தாடி நரைத்துவிட்டது, நாமும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுகிறோம். ஜாக்கி, ஸ்டெப்னி, வீல் ஸ்பேனர், ஒரு பெல்ட், ஒரு கண்டன்சர், பாயிண்ட் செட், கை போட்டுக் கிளப்பும் இரும்புக் கம்பி எல்லாம் ஒரு சாக்கின் மேல் வரிசையாக வைக்கப்பட்டுச் சரிபார்த்த பிறகு டிக்கிக்குள் போகும். டிக்கியில் எதை அடியில் வைப்பது எதை மேலே வைப்பது என்பதில் நம் குடும்பத்தார் யாவரும் நிபுணர்கள். லாரி லோடு பார்த்த கண் அல்லவா.

அடுப்படியில் இன்னொரு வேலை. புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் சனிக்கிழமை மாலையே இறங்கிவிடும். இட்லி இரவு பத்து மணிக்கு மேல் அவித்து, நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி வாழையிலையில் கட்டுவார்கள். தயிர்ச்சோற்றுக்குப் பால் தூக்கலாக ஊற்றி உறை குத்த வேண்டும், மத்தியானம் ஸ்ரீவைகுண்டத்தில் பிரிக்கும்போது புளித்திருக்கக் கூடாது. நமது தாயார் இருந்தவரை அந்தப் பக்குவத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது நம் வீட்டம்மா யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

நமக்கு அன்றும் இன்றும் பெரிதாகப் படுவது இந்த வேலைகளுக்கு நடுவில் நடக்கிற பேச்சு. கடையில் தகப்பனார் வாய் திறந்து பேசியது விலை ஒன்றுதான். வீட்டில் அதுவும் கிடையாது. ஆனால் பானெட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் ஒருவன் டார்ச் லைட் பிடித்துக்கொண்டு நின்றால் தாமாகவே பேச ஆரம்பித்துவிடுவார். தாம் சிறு வயதில் தலைச்சுமையாக உப்பு விற்றது, எந்த வருடம் எந்த மண்டி முறிந்தது, யார் கொடுத்த கடனில் கடை நிமிர்ந்தது என்பதெல்லாம் நாம் டார்ச் பிடித்தபடி கேட்டவை. முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல முடியாததைக் கைவேலையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம் போலிருக்கிறது. நமது இரண்டு தங்கைமார் வரன் விஷயமும் அப்படித்தான் அந்த முற்றத்தில் முதலில் பேசப்பட்டது.

2012 மார்கழியில் நமக்கே அது நடந்தது. மூத்த மகன் படிப்பு முடித்திருந்தான். கிட்டங்கியை அவன் பார்த்துக்கொள்வான் என்று நாம் முடிவு செய்து, அவனிடம் கேட்காமல் ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தோம். அன்றைக்குப் பின்சக்கரத்து நட்டை முறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், 'யப்பா, நான் கடைக்கு வரலை. மெட்ராஸ்ல வேலை கிடைச்சிருக்கு' என்றான். நாம், 'நட்டை முழுசா முறுக்குடே முதல்ல' என்றோம். அவன் முறுக்கினான். அடுத்த சக்கரத்துக்குப் போனோம். நாலு சக்கரமும் முடிவதற்குள் சம்பளம், தங்கும் இடம், தம்பியைக் கடைக்குப் பழக்குவது எல்லாம் பேசி முடிந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த வீட்டில் அன்றைக்கு ஒரு சண்டை நிச்சயம். இளைய மகன்தான் இன்று கிட்டங்கியைப் பார்க்கிறான், ஜி.எஸ்.டி. கணக்கில் நம்மைவிடக் கெட்டி.

2023ஆம் வருடத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. மார்கழி முதல் ஞாயிறு டிசம்பர் 17ஆம் தேதி வந்தது. 16ஆம் தேதி சனிக்கிழமை வழக்கம்போல் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். சென்னையிலிருந்து மூத்த மகன் குடும்பம், தங்கைமார், மாப்பிள்ளைமார், பேரப்பிள்ளைகள். அம்பாசிடரில் ஒரு பகுதி, வாடகை வேனில் ஒரு பகுதி என்று ஏற்பாடு. மழை இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மார்கழி மழைதானே என்று புளிக்காய்ச்சலும் இறங்கிற்று, நட்டும் முறுக்கியாயிற்று. விடியற்காலம் மூன்றரைக்கு எழுந்து பார்த்தால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. பாபநாசப் பயணம் அத்தோடு நின்றது.

போகாத பயணத்துக்காகக் கூடியிருந்த ஆட்கள்தான் அன்றைக்குக் கிட்டங்கியைக் காப்பாற்றினார்கள். நமது கிட்டங்கி ஜங்ஷன் பக்கம் தாழ்வான இடத்தில் இருக்கிறது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த கண்ணுக்கு ஆற்றின் மேல் நம்பிக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சுமைத் தொழிலாளர் கிடைக்க மாட்டார்கள். நாமும் மகன்மார் இருவரும் இரண்டு மாப்பிள்ளைமாரும் அம்பாசிடரில் ஏறி, சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி ஏழு மணிக்குக் கிட்டங்கி சேர்ந்தோம். சீனி மூட்டைகளையும் துவரம் பருப்பையும் அடியிலிருந்து எடுத்து மேல் அட்டியில் ஏற்றினோம். பக்கத்துக் கிட்டங்கிக்காரர்கள் மூன்று பேரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் மூத்தவன் ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் வாங்கியதைப் பார்த்து நமக்கே ஆச்சரியம். பதினோரு மணிக்கு டிக்கியைத் திறந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். பாபநாசத்துக் கல்மண்டபத்தில் சாப்பிட வேண்டிய இட்லியை எல்லாருமாக மூட்டை மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். மத்தியானம் மூன்று மணிக்கு ரோட்டில் தண்ணீர் ஏற ஆரம்பிக்கவும் பாலத்தைத் திரும்பத் தாண்டிப் பாளையங்கோட்டை மேட்டுக்கு வந்துவிட்டோம். டிஸ்ட்ரிபியூட்டரில் சாரல் இறங்கி வண்டி இரண்டு தடவை நின்றது. சைக்கிள் டியூப்பை வெட்டி அதற்கு ஒரு குல்லாய் போட்டுக் கிளப்பினான் இளையவன். அது தாத்தா சொல்லிக் கொடுத்த வித்தை.

அன்று இரவும் மறுநாளும் நடந்ததை நாடறியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சிக்கி, நூற்றுக்கணக்கான பயணிகள் இரண்டு நாள் தவித்தார்கள். நம் கிட்டங்கியில் அடிவரிசை இரண்டு நனைந்து போயிற்று. மேல் அட்டி தப்பியது. ஏரல் கடைவீதியில் மேல் அட்டியே இல்லாத சிறு கடைக்காரர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். தகப்பனார் காலத்திலிருந்து வியாழக்கிழமை லைனில் நம்மிடம் சரக்கு எடுத்தவர்கள் அவர்கள். சேறு வழித்து முடிந்த பிறகு, அந்த லைனுக்குப் பழைய பாக்கியைத் தனிச் சிட்டையில் எடுத்து எழுதிவிட்டுப் புதுக்கணக்கில் சரக்கு அனுப்பினோம். பெரும்பாலோர் இன்றைக்கு நேர் செய்துவிட்டார்கள்.

இனி சட்ட விவரம். தனியார் காருக்குப் பதிவு பதினைந்து வருடம். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டித் தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். நாம் 1992 முதல் இதுவரை ஏழு தடவை புதுப்பித்திருக்கிறோம். டெல்லியில் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு வந்த தடையைப் பத்திரிகையில் படித்துவிட்டு நம் நண்பர் ஒருவர் நல்ல பியட் காரைப் பழைய இரும்புக்குப் போட இருந்தார். அந்தத் தடை நம் மாநிலத்துக்கு வந்தது அல்ல. ஆனால் கட்டணம் ஏறியிருக்கிறது. 600 ரூபாயாக இருந்த காரின் புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தது. மாநிலத்தின் பசுமை வரி தனி.

ஐம்பது வருடம் தாண்டிய கார்களை 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ள 2021 ஜூலையில் விதி வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். கௌரவமான ஏற்பாடு என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். வழக்கமான உபயோகம் கூடாது. நமது வண்டிக்கு 2027இல் ஐம்பது வயது நிறைகிறது, ஐந்து வருடப் புதுப்பித்தலும் அதே வருடம் வருகிறது. மாப்பிள்ளை ஒருவர் விண்டேஜ் ஆக்கிக் கண்ணாடிக் கூண்டில் வைத்தது போல் வைக்கலாம் என்கிறார். அவருக்குக் காரின் மேல் உள்ள பிரியத்தில் குறை இல்லை. ஆனால் சேர்ந்தபூமங்கலம் வரை போகக்கூடாத காருக்கு முந்தின நாள் நட்டு முறுக்க யார் சென்னையிலிருந்து வருவார்கள்? பத்தாயிரத்தைக் கட்டிச் சாதாரணப் பதிவிலேயே வைப்பது என்று தீர்மானித்திருக்கிறோம்.

பெட்ரோல் விஷயமும் உண்டு. 2025இல் நாடு முழுவதும் இருபது சதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய், பெட்ரோல் பம்ப் டயாபிரம், கேஸ்கட் ஆகியவற்றை அது அரிக்கக்கூடும். 'அண்ணாச்சி, இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு, ரப்பர் பூராவையும் மாத்திருங்க' என்றார் பாய். மாற்றினோம். டாங்கில் நாள்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைப்பதையும் விட்டுவிட்டோம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கிளம்புகிற அன்று முந்தின சாயங்காலம்தான் நிரப்புகிறோம். ஆக, அந்தச் சாயங்காலத்து வேலையில் ஒன்று கூடியிருக்கிறது. பங்குக்குப் போய் வரும் பாக்கியம் யாருக்கு என்று பேரப்பிள்ளைகளுக்குள் போட்டி.

இந்த மார்கழிக்கு இரண்டாவது ஞாயிறு என்று வைத்திருக்கிறோம். பிளக் நாலு, பாயிண்ட் செட் ஒன்று சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து மூத்தவன் வாங்கி வருகிறான். கடை வாசலில் 'சனி மதியம் 2 மணி முதல் விடுமுறை' என்று போர்டு பத்து நாள் முன்னதாகவே தொங்கும். வாடிக்கைக்காரர்கள் அதைப் படித்துவிட்டு வெள்ளிக்கிழமையே சரக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பாய்க்கும் சொல்லியாயிற்று.